பனியில் விழாத தூசி

அத்தியாயம் ஏழு

மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் நமக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எனக்கு மூன்றாவது நிமிடத்தில் மறந்தது. அத்தானுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. துணிக்கடைக்குள் நுழைந்தவரைப் போல, குளிர்க் கிடங்கின் இரும்பு அலமாரிகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் இங்கேயே செத்துட்டா அக்காகிட்ட யார் போய்ச் சொல்றது?"

"எதுக்குச் சொல்லணும் மாப்ளே? ஒரு அலமாரியில வச்சுப் பூட்டிட்டாப் போதும். நூறு வருஷம் கெடாம இருப்ப. உங்க அக்கா ஆசைப்படறப்ப வந்து பார்த்துக்கட்டும்."

இவர்தான் துப்பறிவாளர். என் அக்காவின் கணவர். ஏழு வருஷமாக இவருக்கு நான் உதவியாளன். அக்கா சொன்னதால் சேர்த்துக்கொண்டார், அக்கா இருப்பதால் இன்னும் துரத்தாமல் வைத்திருக்கிறார். கண்ணுக்கு எதிரே இருப்பதை யாரும் கேட்காத கோணத்தில் கேட்பதுதான் அவருடைய தொழில். அந்த நேரத்தில் அவருக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதும், வந்தால் வாங்கிக்கட்டிக்கொள்வதும் என்னுடைய தொழில்.

ஊருக்கு வெளியே ஈயம் உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரே ஒரே ஒரு தெரு. முப்பத்தெட்டு வீடுகள், எல்லாம் ஆலைத் தொழிலாளர்களுடையவை. அந்தத் தெருவின் சின்னப் பிள்ளைகள் பலருக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. முதலில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர் ஆலையில் லாரி ஓட்டுகிற டிரைவர். அவருடைய கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயது. ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அதே முதல் எழுத்தில்தான் நிற்கிறாள். பத்தடி ஓடினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவளை முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அன்று அத்தான் வீட்டில் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

தெருக்காரர்கள் மூன்று வருஷத்துக்கு முன்பு வழக்குப் போட்டார்கள். புகைபோக்கி வழியாக வரும் ஈயப்புகைதான் காரணம் என்பது வழக்கு. ஜெயித்தால் முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கும் வேறு இடத்தில் வீடு, பிள்ளைகளின் வைத்தியம் ஆலையின் பொறுப்பு. தோற்றால் அதே தெருவில்தான் அந்தப் பிள்ளைகள் வளர வேண்டும்.

ஆலை சொன்ன பதில் சுருக்கமானது. எட்டு வருஷத்துக்கு முன்பே வடிகட்டி மாட்டிவிட்டோம், அன்றிலிருந்து வெறும் நீராவிதான் மேலே போகிறது என்றார்கள். அதிகாரி வருகிற அன்று மட்டும்தான் வடிகட்டி ஓடும் என்றது தெரு. தினமும் ஓடியதாகப் பதிவேடு இருந்தது. பதிவேட்டை எழுதியதும் ஆலைதான்.

அப்போதுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. யாரும் மிரட்ட முடியாத சாட்சி ஒன்று வேண்டும் என்று மூன்று நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "துருவத்துல பனி பெய்யுமில்ல மாப்ளே?" என்றார். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

மண்டை சரியாகத்தான் இருந்தது. உயரமான புகைபோக்கியின் புகை மேலே ஏறிக் காற்றோடு வாரக்கணக்கில் பயணம் போகும். கடைசியில் துருவத்தில் பனியோடு பனியாக விழும். அதன்மேல் அடுத்த பனி, அதன்மேல் அடுத்தது. யாரும் கூட்டிப் பெருக்காத இடம், விழுந்தது விழுந்தபடியே இருக்கும். ஆராய்ச்சிக்கூடம் ஒன்று போன வருஷம் அங்கே துளைபோட்டு எடுத்த பனித்தண்டுகளை இந்தக் கிடங்கில் வைத்திருந்தது. பனி சொல்வதை இரண்டு தரப்பும் ஏற்கவேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. தெருவுக்காக வாதாடும் நம் வக்கீலம்மா சரி என்றார். ஆலை வக்கீலும் சரி என்றார். இன்று மாலை ஐந்து மணிக்கு அறிக்கை இரண்டு பக்கத்துக்கும் போகும், நாளைக் காலை விசாரணை.

கிடங்கைக் காக்கும் ஆராய்ச்சிக்காரம்மா, ஒரு ஆள் உயரத் தகரக் குழாயைத் திறந்து வெள்ளைத் தண்டு ஒன்றை விளக்கு மேஜையில் படுக்க வைத்தார். மூன்று முறை துருவத்துக்குப் போய்வந்தவர். நான் கடைத்தெருவுக்குப் போய்வந்ததைச் சொல்வது போல அதைச் சொல்வார்.

"இந்த முனை போன வருஷம். கீழ போகப் போகப் பழசு. மேல் பாகம் இன்னும் முழுசா ஐஸ் ஆகல, இறுகின பனிதான். வெயில் காலத்துப் பனி ஒரு மாதிரி தெரியும், குளிர் காலத்துப் பனி ஒரு மாதிரி. ரெண்டும் சேர்ந்தா ஒரு வருஷம்."

"எங்க அக்காவோட துணி அலமாரியும் இதே கணக்குதான் மேடம். தோண்டிப் பார்த்தா அவங்க பள்ளிக்கூடத்துச் சீருடைகூடக் கிடைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் குளிரில் சிரித்தால் உதடு வெடிக்கும் என்பதால் இருக்கலாம்.

"ஈயம் எத்தனையோ ஆலையில இருந்து வரும்" என்றார் அத்தான். "இதுதான் நம்ம ஆலையோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துலயும் கனமான அணு இவ்வளவு, லேசான அணு இவ்வளவுன்னு ஒரு கலவை இருக்கும் சார். உருக்கினாலும் மாறாது, புகையாப் போனாலும் மாறாது. கைரேகை மாதிரின்னு வச்சுக்குங்க. உங்க ஆலை தாது வாங்குற சுரங்கத்துல வேற யாரும் வாங்கறதில்ல. அந்த ரேகை பனியில இருந்தா அது அவங்கதான்."

"இருக்கா?"

"வெளியே வாங்க, காகிதத்தைக் காட்டறேன்."

வெளியறையில் ஹீட்டர் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆராய்ச்சிக்காரம்மா ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்தார். நம் ஆலை ஈயத்தின் கோடு கீழே இருந்து படிப்படியாக ஏறியது. இருபது வருஷம் ஏறி உச்சியில் நின்றது. நான் கைதட்டத் தயாரானேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோடு மாடியிலிருந்து குதித்தது போல விழுந்து, அதற்கப்புறம் தரையோடு தரையாகவே வந்து நின்றது.

"மேடம், காகிதத்தைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்றேன்.

"தலைகீழா வச்சாலும் வருஷம் மாறாது தம்பி."

அத்தான் வரைபடத்தைத் தொடவில்லை. "வருஷத்தை எண்ணினதுல தப்பு வந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வெடித்த எரிமலை ஒன்றின் சாம்பல் தண்டில் ஒரு கறுப்பு இழையாகத் தெரியும், அதிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் தப்பு வராது என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. அத்தான் என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே போய், மரத்துப்போன விரலால் இழை இருந்த அடுக்கிலிருந்து மேலே ஒவ்வொன்றாக எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் பன்னிரண்டுதான். நாலாவது தடவை பதின்மூன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று மனதார வேண்டிக்கொண்டேன், அப்போதும் பன்னிரண்டே வந்தது.

நான் திரும்பி வந்தபோது அத்தான் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

"ஆலை வக்கீல் எவ்வளவு நேரத்துல ஒத்துக்கிட்டான்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"ஒரு நிமிஷம்கூட ஆகல. வாசல்ல பேனாவை உதறிட்டே கையெழுத்துப் போட்டான்."

"சாதாரணமா ஒரு தேதி மாத்தறதுக்கே நாலு வாரம் மல்லுக்கட்டறவன். அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். அவங்களுக்குத் தெரியும் மாப்ளே. வடிகட்டி தினமும் ஓடியிருக்கு. அவங்க சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை நிரூபிக்க ஆள் தேடிட்டு இருந்தாங்க. நான் போய் நின்னேன்."

"நீங்க நல்லதுக்குத்தானே அத்தான்..."

"நல்லதுக்குத்தான். அதைச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு மருந்து வாங்க முடியாது."

பையிலிருந்து தெருவின் பட்டியலை எடுத்தார். வீட்டு எண், பிள்ளையின் வயது, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று நான் கோணல் மாணலாக எழுதியது. விரலை மேலிருந்து கீழே ஓட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"உடம்பு ரொம்ப மோசமா இருக்கிறதுல பெரிய புள்ள யாரு?"

"பதினெட்டாம் நம்பர் வீட்டுப் பையன். எட்டு வயசு."

"டிரைவரோட பெரிய மகன்?"

"இருபத்திரண்டு. அச்சகத்துல காகிதக் கட்டைத் தூக்கிப் போடறான். கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"அவன் எப்ப வளர்ந்தான்?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். கோடு உச்சியில் இருந்த வருஷங்களில்தான் அவன் அந்தத் தெருவில் பந்து உருட்டியிருக்கிறான்.

"புகை இருந்தப்ப வளர்ந்தவன் நல்லா இருக்கான். புகை நின்ன பிறகு பொறந்ததுங்க படுத்திருக்கு" என்றார் அத்தான்.

"அப்போ ஈயம் உடம்புக்கு நல்லதுங்கிறீங்களா?"

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு முறைப்பு கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை. அவர் ஆராய்ச்சிக்காரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு உசரத்துல விட்ட புகை தெருவுல விழல. தெருவைத் தாண்டி, கடலைத் தாண்டி, உங்க பனி வரைக்கும் வந்துச்சு. இப்ப வரல. ஆனா ஆலை நிக்கல. போன வருஷத்தைவிட இந்த வருஷம் அதிகமாத்தான் உருக்கறாங்க. அப்போ இங்க வராதது எங்க போச்சு?"

"வடிகட்டின்னா வரிசையாத் தொங்குற துணிப்பைங்க சார். புகை உள்ள போகும், தூசி பைக்குள்ளயே நின்னுடும்."

"பை நிறைஞ்சா?"

"தட்டுவாங்க. கீழ கொட்டும்."

"கொட்டினதை என்ன பண்ணுவாங்க?"

அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பனி மட்டும்தான். அறிக்கையை ஒரு நாள் நிறுத்தி வைக்க முடியுமா என்று நான் கேட்டேன். "நீதிமன்ற உத்தரவு தம்பி. அஞ்சு மணிக்கு நான் அனுப்பியாகணும்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "வேற மாதிரி வரும்னுதான் நானும் நினைச்சேன். பனியை ரெண்டு தடவை உருக்கிப் பார்த்தேன்" என்றார். அவர் மேல் கோபப்படக்கூட வழி இல்லை.

மணி ஒன்று. வக்கீலம்மாவைத் தொலைபேசியில் பிடித்து விஷயத்தைச் சொன்னோம். "அஞ்சு மணிக்குள்ள அந்தத் தூசி எங்க போச்சுன்னு ஆதாரத்தோட வாங்க. இல்லேன்னா நாளைக்கு நான் எழுந்து நிக்கறதுல அர்த்தமே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"யாரைக் கேக்கறது?" என்றேன்.

"ஆலையில இருந்து எது வெளிய போனாலும் லாரியிலதான் போகும். லாரிக்காரர் நம்ம பக்கம்தானே இருக்கார்" என்றார் அத்தான்.

வண்டியை நான் ஓட்டினேன். வழியில் இரண்டு நகைச்சுவை சொல்லிப் பார்த்தேன், இரண்டும் எடுபடவில்லை. மூன்றாவதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தெரு எப்போதும் போலத்தான் இருந்தது. எல்லா வீட்டுக்கும் ஆலைப் பக்கம்தான் முன்வாசல். முன்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் மூடி, இடுக்கில் டேப் ஒட்டியிருந்தார்கள். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் புல் தழைத்துக் கிடந்தது. மிதிக்க ஆள் இல்லாததால் முழங்கால் வரை வளர்ந்திருந்தது.

டிரைவர் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். அவருடைய மனைவி டீ கொடுத்தார்.

"பனியில வந்துடுச்சா சார்?" என்றார் டிரைவர், உட்காரும் முன்பே. "நம்ம பக்கம்தானே?"

அத்தான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "பாப்பா எங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி விளையாடுது" என்றார் மனைவி. "முன்பக்கம் விடறதே இல்லைங்க. வீடே குறுக்க நிக்கறதால பின்பக்கம் புகை படாது. மதியம் வரைக்கும் பள்ளிக்கூடம், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பின்கட்டு. நான் தினமும் பெருக்கி விட்டுடுவேன். புல் பூண்டு எதுவும் முளைக்காது, தரை மாதிரி சுத்தமா இருக்கும்."

"எதுவுமே முளைக்காதா அக்கா?" என்றேன்.

"ஒரு செடி வச்சேன், பட்டுப்போச்சு. மண்ணு அப்படி."

அத்தான் எழுந்து பின்கதவுக்குப் போனார். வெளியே பார்க்கவில்லை. கதவின் அடிப்பாகத்தைப் பார்த்தார். முன்கதவு நிலைக்குப் பொருத்தமாக முழுசாக இருந்தது. பின்கதவின் அடியில் நாலு விரல் அளவுக்கு ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள், பெயின்ட் அடிக்காத மரம் தெரிந்தது. அங்கே இருந்த மூன்று படிகளும் மண்ணுக்குள் புதைந்து, மேல்படியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. தாழ்ந்த மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பின்கதவும் அடியில் அறுபட்டிருந்தது. அதற்கடுத்த வீட்டுக் கதவும் அப்படியே.

"இதை யார் அறுத்தாங்க?" என்றார் அத்தான்.

"நான்தான் சார். தரையை உசத்தினதும் கதவு தட்டுச்சு. முழுசாத் திறக்கல, அறுத்துட்டேன்."

"தரையை எதுக்கு உசத்தினீங்க?"

டிரைவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்தக் கதையை அவர் நிறையப் பேருக்குச் சொல்லியிருப்பார் என்று தெரிந்தது.

"இந்தத் தெருவுக்குப் பின்பக்கம் முழுக்கப் பள்ளம் சார். ஒரு மழை பேஞ்சா கட்டில் கால் வரைக்கும் தண்ணி நிக்கும். பாம்பு வரும். பெரியவன் சின்னதா இருந்தப்ப அவனைத் தோள்ல வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க நின்னிருக்கேன். அப்புறம்தான் ஆலையில சாம்பல் மண்ணு வர ஆரம்பிச்சுது. வீணாத்தானே போகுது, எங்க தெருவுக்குத் தரக்கூடாதான்னு நான்தான் போய்க் கேட்டேன். தாராளமா எடுத்துக்கோன்னாங்க. முப்பத்தெட்டு வீட்டுக்கும் என் லாரிதான் சார். லீவு நாள்லகூட ஓட்டினேன். அஞ்சு வருஷம். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. இந்தத் தெருவுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, அண்ணன்தான்."

"எங்க ஏத்துவீங்க?"

"சாம்பல் ஷெட்டுல. புகைபோக்கிக்குக் கீழயே இருக்கு, நீளமா. அடியில ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினா மேல இருந்து குழாய் வழியா விழும். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். மேல பையைத் தட்டற சத்தம் கேக்கும், தப் தப்னு..."

அவர் நிறுத்தினார்.

"அந்தத் துணிப்பைதான் வடிகட்டி. தினமும் கேக்குமா?" என்றார் அத்தான். அந்தக் குரலில் துப்பறிகிறவர் இல்லை.

"தினமும்தான் சார்."

அதற்குமேல் யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வடிகட்டி தினமும் ஓடுவதில்லை என்று மூன்று வருஷமாகக் கோர்ட்டில் சத்தியம் செய்த மனிதர், அது ஓடிய சத்தத்தை அஞ்சு வருஷம் தினமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வடிகட்டி என்றால் ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைத்ததாகச் சொன்னார். துணிப்பையாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

"இப்பவும் நீங்கதான் எடுக்கறீங்களா?"

"இல்ல சார். வழக்குப் போட்ட மாசமே என்னைத் தாது ஏத்துற பக்கம் மாத்திட்டாங்க. பழிவாங்கறாங்கன்னு நினைச்சேன். சாம்பலுக்கு வேற லாரி வருது. எங்க கொண்டுபோறாங்கன்னு தெரியல."

எனக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. வந்ததை மறைக்கவும் தெரியவில்லை. "அண்ணே, அவங்கதானே கொடுத்தாங்க? கொடுத்ததுக்கு ஒரு சீட்டு இருந்தாப் போதும், மாட்டிக்கிட்டாங்க!"

"கேட் பாஸ் இருக்கு தம்பி. ஒண்ணுகூடத் தூக்கிப் போடல."

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளை எடுத்து வந்தார். அத்தனையும் வரிசையாக, தேதிப்படி. ஆலையின் முத்திரை பளிச்சென்று இருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அத்தான் மேலே இருந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: 'நிரப்பு மண். தொழிலாளியின் சொந்த வேண்டுகோளின் பேரில், அவருடைய சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்லப்படுகிறது. பயன்பாட்டினால் வரும் விளைவுக்கு ஆலை பொறுப்பல்ல.' அதற்கும் கீழே டிரைவரின் கையெழுத்து. அடுத்த சீட்டிலும் அதேதான். எல்லாச் சீட்டிலும் அதேதான்.

"கையெழுத்துப் போட்டாத்தான் கேட்டைத் திறப்பான் சார்" என்றார் டிரைவர். "பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிக்கும். நான் எங்க படிக்கறது?"

வக்கீலம்மாவுக்கு அத்தான் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வழக்குல நாம புகைன்னு போட்டிருக்கோம். அது நாளைக்கே போயிடும்" என்றார் அவர். "தூசின்னு புதுசாப் போடலாம். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இது இவ்வளவு தூரம் வரவே மூணு வருஷம் ஆச்சு. அதுலயும் ஆலைக்காரன் முதல்ல நீட்டப்போறது இந்தச் சீட்டைத்தான். கேட்டது இவர், ஏத்தினது இவர், கொட்டினது இவர்னு சொல்லுவான். பக்கத்து வீட்டுக்காரங்களை இவர் மேலேயே கைகாட்ட வைப்பான். நான் போடமாட்டேன்னு சொல்லல. ஆனா சீக்கிரம் எதுவும் நடக்கும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

டிரைவரின் மனைவி அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். "முன்னாடி விட்டாப் புகைன்னு பின்னாடி விட்டேனே" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "நானே பெருக்கிப் பெருக்கி விட்டேனே." நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அதற்குள் பெரிய வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. தெருப் பிள்ளைகள் புத்தகப் பையை வீசிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடும் சத்தம் வீடு வீடாகக் கேட்டது. ஒவ்வொரு மதிலுக்குப் பின்னாலும் சிரிப்பு. டிரைவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ஒரே பாய்ச்சலாகப் பின்கட்டுக்குப் போய், குச்சியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்த மகளை அள்ளித் தூக்கினார். அவளுடைய முழங்காலிலும் உள்ளங்கையிலும் சாம்பல் நிறம் படிந்திருந்தது. தன் சட்டையாலேயே துடைத்தார். துடைக்கத் துடைக்க அது சட்டைக்கு வந்ததே தவிரப் போகவில்லை.

"எங்க விடறது சார் இவளை?" என்றார். "உள்ளே அடுப்படிக்கும் இதையேதான் போட்டு மேடு பண்ணினேன்."

"முன்வாசலுக்குக் கொண்டு வாங்க" என்றார் அத்தான். "புல் இருக்கிற இடம். அங்க ஒண்ணும் விழல. அதுக்கு மட்டும் என்கிட்ட ஆதாரம் இருக்கு."

என் தொலைபேசி ஒலித்தது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து குறுஞ்செய்தி. அறிக்கை இரண்டு தரப்புக்கும் அனுப்பப்பட்டது என்று இருந்தது. மணி சரியாக ஐந்து.

டிரைவர் முன்கதவைத் திறந்து, எதிரே வானத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளை ஆவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மகளைப் புல்லில் இறக்கினார். அவள் காலை மடக்கிக்கொண்டாள். மறுபடி இறக்கினார். மறுபடி மடக்கிக்கொண்டு அவர் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். எத்தனை வருஷப் பாடம் அது, ஒரு சாயங்காலத்தில் போய்விடுமா? "இறங்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னது அவருக்கே நம்பும்படி இல்லை.

அத்தான் செருப்பைக் கழற்றினார். யாரும் மிதிக்காத அந்தப் புல்லில் நடந்து போய், நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கையால் தட்டி, வா என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் அப்பாவின் தோளிலிருந்து அவரையே பார்த்தாள். பயத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா, அங்க உட்காராதீங்க" என்றாள். "புகை வந்துடும். பின்பக்கம் வாங்க."